துடைத்துவிட்ட மஞ்சள் கோடு

பைக் ஓட்டுகிறவர்களின் கூட்டத்தில் அவருக்குப் பெயர் பளிங்கு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆபீஸ் அடையாள அட்டையோடு சரி. ஒருமுறை நெடுஞ்சாலை டீக்கடையில் எல்லோரும் வண்டிகளை நிறுத்தியிருந்தபோது, முன்பின் தெரியாத ஒரு ஆள் இவருடைய பெட்ரோல் டாங்கில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனான். அன்றைக்கு ஒட்டிய பெயர். பளிங்கு சார், பளிங்கண்ணா என்று இன்றுவரை நிற்கிறது.

வண்டி சாதாரண வண்டி அல்ல. இரண்டு சிலிண்டர், எழுநூற்று ஐம்பது சிசி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி, நெஞ்சில் காற்று அறையாமல் இருக்க முன்னால் ஒரு கண்ணாடித் தடுப்பு. பின்சீட்டில் உட்கார்ந்தால் சாய்வு நாற்காலி தோற்றுப்போகும். நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போகவென்றே செய்த வண்டி, வயது இருபத்தெட்டு. கம்பெனி இதைச் செய்வதை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டதால், ஒரு ரப்பர் வளையம் வேண்டுமென்றால்கூட முகம் தெரியாத ஆட்களுக்கெல்லாம் கடிதம் எழுதி மூன்று மாதம் தவம் கிடக்க வேண்டும். பளிங்கு கிடப்பார்.

வீட்டில் அந்த வண்டிக்கு மூத்தாள் என்று பெயர். வைத்தது அவர் மனைவி. "கல்யாணத்துக்கு நாலு வருஷம் முன்னாடியே இந்த வீட்டுக்கு வந்தவ. முறைப்படி நான் இளையாள்தானே?" என்று சிரிப்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாடியிலிருந்து குரல் வரும்: "என்னங்க, மூத்தாளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சுன்னா இளையாள் சமைச்சதையும் கொஞ்சம் வந்து பாருங்க!" சக்களத்திச் சண்டை என்று பெயர்தானே ஒழிய, நீண்ட பயணம் என்றால் முதல் நாளே பையைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

பளிங்குக்கு வேலை லிப்ட் சோதனை. கட்டடம் கட்டடமாக ஏறி, கம்பிக் கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். முந்நூறு லிப்ட்டுகளுக்குள் அவர் கையெழுத்து சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதை நம்பித்தான் ஜனங்கள் பிள்ளைகுட்டியோடு ஏறி இறங்குகிறார்கள். அடுத்தவர் செய்த வேலையில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு குறை தேடுவது அவருக்கு உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கத் தெரியாது, அதுதான் சிக்கல்.

அவர் மூத்தாளைத் தொட அனுமதித்த ஒரே வெளியாள், இரண்டு தெரு தள்ளி தகரக் கொட்டகையில் கடை வைத்திருந்த மெக்கானிக். வயதில் பத்து வருஷம் இளையவர், வாய் அதிகம் பேசாது, கை பேசும். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு போல்ட்டை முறுக்கி முடித்ததும் சட்டைப் பையிலிருந்து நகப்பூச்சு பாட்டில் மாதிரி ஒரு குட்டி பாட்டிலை எடுப்பார். உள்ளே மஞ்சள் பெயிண்ட். போல்ட்டின் தலையிலிருந்து அடியில் உள்ள இரும்பு வரைக்கும் நேராக ஒரு கோடு இழுப்பார். போல்ட் எப்போதாவது தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"கோடு இருந்தா நான் முறுக்கியிருக்கேன்னு அர்த்தம் சார். இல்லேன்னா முறுக்கல" என்பார். "எனக்கு என் ஞாபகத்து மேல நம்பிக்கை கிடையாது. கோட்டு மேலதான்."

பளிங்குக்கு இந்தக் கோடு பிடிக்காது. வேலை சுத்தம்தான், ஒப்புக்கொள்வார். ஆனால் முகம் பார்க்கிற மாதிரி தேய்த்து வைத்திருக்கும் வண்டியில் அங்கங்கே மஞ்சள் தீற்றல் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? மறைவான இடங்களில் விட்டுவிடுவார். கண்ணில் படுகிற இடமாக இருந்தால் பெட்ரோல் நனைத்த துணியால் ஒரு துடை. மெக்கானிக்குத் தெரியாமல்தான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. முன் பிரேக்குக்குப் புதுக் கட்டைகள் போட்டு, மெக்கானிக் வண்டியை வீட்டிலேயே கொண்டுவந்து விட்டுப் போனார். மறுநாள் காலையில் கணவனும் மனைவியும் மலைப்பக்கம் போவதாக ஏற்பாடு. சாயங்காலம் பளிங்கு வண்டியைச் சுற்றி வந்தார். காலிப்பர் என்று ஒன்று இருக்கிறது. முன் சக்கரத்தோடு சுற்றும் தட்டைக் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்துவது அதுதான், இரண்டே இரண்டு போல்ட்டில் நிற்கும். அதைக் கண்ணாடி மாதிரி ஆக்க அவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்திருந்தார். அதன் மேல் இப்போது இரண்டு மஞ்சள் கோடு.

துணியால் துடைத்தார். மேலே போனது, விளிம்பில் போகவில்லை. சரி, கழற்றியே துடைத்துவிடலாம் என்று இரண்டு போல்ட்டையும் கழற்றி, காலிப்பரைக் கையில் எடுத்து, உள்ளும் புறமும் மினுக்கினார். திரும்ப வைத்துப் போல்ட்டுகளைக் கையாலேயே சுற்றி உட்கார வைத்தார். ஸ்பேனரை எடுத்தார். வீட்டுக்குள் போன் அடித்தது.

பக்கத்து ஊர்க் கூட்டத்திலிருந்து ஒருவர், பழைய வண்டி வாங்கியிருக்கிறாராம், ஒரு சந்தேகமாம். ஆலோசனை என்று யாராவது கேட்டுவிட்டால் பளிங்குக்குப் பசி தூக்கம் மறந்துபோகும். நடந்துகொண்டே நாற்பது நிமிஷம் பேசினார். எதைப் பற்றி? பிரேக்கைப் பற்றி. "அலட்சியம் மட்டும் கூடாது சார், உயிர் விஷயம்" என்றுகூடச் சொன்னார். பேசி முடித்து வந்து பார்த்தபோது காலிப்பர் ஜொலித்தது. வேலை முடிந்துவிட்டது என்று அவர் மனசு சொன்னது. விளக்கை அணைத்துவிட்டு மேலே போனார்.

மறுநாள் அறுபதாவது கிலோமீட்டரில், இறக்கத்தில் ஒரு வளைவு. பிரேக்கைப் பிடித்தார். முன்னால் ஏதோ சடசடவென்று அடித்தது, சக்கரம் இறுகிக்கொண்டது, அவ்வளவுதான். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. மனைவியின் வலது முழங்கால் சுக்கல்.

அவர் மனைவி தபால் கொடுக்கிற வேலையில் இருந்தவர். ஒரு நாளைக்குப் பதினான்கு கிலோமீட்டர் நடப்பார். எந்த வீட்டு நாய் குரைக்கும், எந்த வீட்டுக்கு மகனிடமிருந்து கடிதம் வரும் என்பதெல்லாம் அத்துப்படி. நடப்பது அவருக்கு வேலையே இல்லை, சந்தோஷம். மூன்று அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவரைக் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோதுதான் பளிங்குக்கு அது ஞாபகம் வந்தது. காலையில் கிளம்பும்போது ஸ்பேனர் தரையில், விரித்த சாக்கின் மேல் கிடந்தது. இது ஏன் வெளியே கிடக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே அவர்தான் அதைப் பெட்டிக்குள் போட்டார். அவர் வேலை செய்து முடித்தால் ஸ்பேனர் பெட்டிக்கு வெளியே கிடந்ததாக சரித்திரமே கிடையாது. அப்படியென்றால் அந்த இரண்டையும் முறுக்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன், ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார்.

"எப்படி மாப்ள ஆச்சு?"

"பிரேக் போல்ட் கழண்டுருச்சு மச்சான்" என்றார் பளிங்கு. பிறகு, "நேத்துதான் மெக்கானிக் பிரேக் வேலை பார்த்துக் கொடுத்தாரு" என்றார்.

இரண்டும் உண்மைதான். இரண்டு உண்மையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவ்வளவு பெரிய பொய் கட்டலாம் என்று அன்றைக்கு அவர் கண்டுபிடித்தார். மச்சானுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நேராக மெக்கானிக் கடை வாசலுக்குப் போய், தெருவே கூடி வேடிக்கை பார்க்கக் கத்திவிட்டு வந்தார். நாலு பேர் நாலு விதமாகப் பேச, கடைக்கு வருகிற வண்டிகள் பாதியாகக் குறைந்தன.

நொறுங்கிய வண்டியை லாரியில் ஏற்றி வீட்டுக் கொட்டகையில் இறக்கியிருந்தார்கள். மெக்கானிக் தானாகவே வந்தார். யாரையும் பார்க்காமல் முன் சக்கரத்தின் அருகே மண்டியிட்டார். டார்ச் அடித்து, சனிக்கிழமை தன் கை பட்ட ஒவ்வொரு நட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அச்சு நட்டில் மஞ்சள் கோடு. பின் சக்கரத்தில் கோடு. எஞ்சின் அடியில் கோடு. காலிப்பரில் ஒரு போல்ட் தொலைந்துபோயிருந்தது, இன்னொன்று பாதி கழன்று தொங்கியது. அதில் மட்டும் கோடு இல்லை.

"வீட்டுக்கு வந்தப்புறம் யாராவது இதைத் தொட்டாங்களா சார்?"

"இங்க யாரு தொடப் போறா?" என்றார் பளிங்கு.

நான் பொய் சொல்லவில்லையே, கேள்விதானே கேட்டேன் என்று பிற்பாடு தனக்குத்தானே வக்காலத்து வாங்கிப் பார்த்தார். எடுபடவில்லை. மெக்கானிக் டார்ச்சை அணைத்தார். "எல்லாத்துலயும் இருக்கு. இதுல மட்டும் இல்ல. அப்ப நான்தான் சார்" என்றார். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பளிங்கின் மனைவிதான், "விடுங்க தம்பி, மனுஷன்னா மறதி இருக்காதா?" என்று ஆறுதல் சொன்னார். பளிங்கு ஜன்னல் வழியாக வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஆறு வருஷம் ஓடியது. மனைவிக்கு வலி குறையட்டும் என்றார். வலி குறைந்ததும், இப்போது எதற்குப் பழசைக் கிளற வேண்டும் என்றார். சாக்கு சொல்ல வாய்க்கு வலிக்குமா என்ன? ஆனால் முதுகு காட்டிக்கொடுத்தது. மெக்கானிக் கடை இருக்கிற தெருவில் போகவே அவருக்கு உடம்பு கூனிக் குறுகும். சுற்றிக்கொண்டு மூன்று தெரு தாண்டிப் போவார். கூட்டத்தில் யாராவது பிரேக்கைப் பற்றிக் கேட்டால், "அதை மட்டும் நல்ல மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்று நழுவிவிடுவார். லிப்ட்டுக்குள் தன் கையெழுத்தைப் பார்க்க நேர்ந்தால் கதவுப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

தப்பிக்க முடியாத நாள் ஒன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். அன்றைக்கு மெக்கானிக் தானே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து மூத்தாளைப் பிரித்து மாட்டிக் கொடுப்பார். விபத்துக்குப் பிறகு அவர் ஒரு புதுப் பழக்கம் வைத்திருந்தார். வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் முறுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் வண்டிக்காரர் கையால் தொட்டு அசைத்துப் பார்க்க வேண்டும். "தொட்டுப் பாருங்க சார்" என்பார். தொட்டுப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் மஞ்சள் பாட்டிலைத் திறப்பார். கடைக்கு வருகிறவர்கள் இதைக் கேலி செய்தார்கள். பளிங்கு ஒவ்வொரு வருஷமும் அந்த முக்காலியில் உட்கார்ந்து, எழுபது எண்பது போல்ட்டைத் தொட்டு, எழுபது எண்பது தடவை "சரி" என்றார். மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்று இருக்கும். வண்டியைப் பழையபடி எழுப்பி நிறுத்தியவரும் மெக்கானிக்தான். அதில் மனைவி மறுபடி ஏறவில்லை.

இந்த வருஷமும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலை நடந்தது. எல்லாம் முடிந்து காலிப்பர் மட்டும் பாக்கி. இரண்டு போல்ட்டும் கையால் சுற்றி உட்கார வைத்தபடி இருந்தன. மனைவி படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்கி, மூன்று தம்ளர் டீ கொண்டுவந்தார். மெக்கானிக் தம்ளரை வாங்கிக் கீழே வைத்தார், குடிக்கவில்லை.

"அக்கா, ஒரு விஷயம் கேக்கணும். பஸ் டிப்போவுல கூப்பிடறாங்க. பிரேக் செக்‌ஷனுக்குப் பொறுப்பா. நாளைக்குப் பதில் சொல்லணும்."

"அடேயப்பா, நல்ல சேதிதானே! இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

"ஒரு பஸ்ஸுல அம்பது பேர் போவாங்கக்கா." அவர் பார்வை அந்த முழங்காலுக்குப் போய்த் திரும்பியது. "நீங்க சொல்லுங்க. என் கை பட்ட பிரேக்குன்னு தெரிஞ்சா அந்தப் பஸ்ஸுல நீங்க ஏறுவீங்களா?"

மனைவி பதில் சொல்ல ஒரு நொடி ஆனது. அந்த ஒரு நொடியைப் பளிங்கு தாங்க மாட்டாமல் முந்திக்கொண்டார்.

"அட, தாராளமா போங்க தம்பி! அதெல்லாம் பழைய கதை. நாங்க எப்பவோ மறந்தாச்சு. தப்பு யாருதான் செய்யல?"

என்ன பெருந்தன்மை! மனைவி பெருமையாக அவர் தோளில் கை வைத்தார். அந்தக் கை பட்ட இடம் அவருக்குச் சுட்டது. தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு அருவருத்துப் போனார். குற்றம் செய்தவன் மன்னிப்பு வழங்குகிறான், அதற்குத் தோளில் தட்டு வேறு.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க சார்" என்றார் மெக்கானிக். "எனக்குத்தான் தைரியம் வரல. வேணாம்னே சொல்லிடறேன்." ஸ்பேனரை எடுத்துக் காலிப்பர் பக்கம் திரும்பினார்.

"தம்பி" என்றார் பளிங்கு. "அதை நீங்க முறுக்கியிருந்தீங்க. அன்னிக்கு. நான்தான் கழட்டினேன்."

மெக்கானிக் திரும்பவில்லை. கை மட்டும் நின்றது.

"கோடு பிடிக்கல எனக்கு. துடைக்கணும்னு கழட்டினேன். திரும்ப மாட்டும்போது போன் வந்துச்சு. முறுக்காமலே போயிட்டேன். ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தெரியும்."

மனைவியின் கை தோளிலிருந்து எடுபட்டது.

"கோடு இருந்துச்சா சார்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"இருந்துச்சு."

"ரெண்டுலயுமா?"

"ரெண்டுலயும். நேரா, சுத்தமா."

மெக்கானிக் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். கந்தல் துணியை எடுத்து விரல் விரலாகத் துடைத்தார். திட்டுவார் என்று பளிங்கு காத்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூடத் தோன்றியது.

"வீட்டுக் கதவைப் பூட்டிட்டு நாலு அடி வச்சதும் திரும்பி வந்து பார்ப்பேன் சார், பூட்டினேனான்னு. மறுபடி நாலு அடி, மறுபடி வருவேன். ஆறு வருஷமா இதே பொழப்பு. என் பொண்டாட்டி சிரிப்பா." துணியை மடித்துக் கீழே வைத்தார். "எப்பவும் பூட்டித்தான் சார் இருந்துச்சு."

அப்புறம் எழுந்தார். ஸ்பேனரைப் பளிங்கின் கையில் வைத்தார். "இது ரெண்டு மட்டும் பாக்கி. நீங்களே முறுக்கிக்குங்க." மஞ்சள் பாட்டிலை மூடிச் சட்டைப் பையில் போட்டார், பையைத் தோளில் மாட்டினார். "வரேன்க்கா" என்றார். பளிங்கிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தார். திரும்பியும் பார்க்கவில்லை.

மனைவி சுவரைப் பிடித்தபடி நின்றார்.

"அன்னிக்குச் சாயந்திரம் போன்ல பிரேக்கைப் பத்தித்தானே பேசிட்டு இருந்தீங்க?" என்றார் கடைசியில். "உள்ள துணி மடிச்சுக்கிட்டே கேட்டுட்டு இருந்தேன். இந்த மனுஷனுக்கு எவ்வளவு தெரியுதுன்னு பெருமையா இருந்துச்சு எனக்கு."

பளிங்கு தலையைக் குனிந்துகொண்டார்.

"கால் போனதைக்கூட விடுங்க. அந்தத் தம்பிய வருஷா வருஷம் உக்கார வச்சு நான் மன்னிச்சேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து டீ குடிச்சீங்க."

பளிங்கின் கண்ணில் நீர் முட்டியது, அதைத் துடைத்துக்கொள்ளக்கூட வெட்கமாக இருந்தது.

"டிப்போவுக்கு அவர் நாளைக்குப் பதில் சொல்லணும். அதுக்குள்ள அவர் கடை வாசலுக்குப் போறோம். எங்கண்ணன் எந்த இடத்துல நின்னு கத்தினானோ அதே இடத்துல நின்னு, தெருவே கேக்கச் சொல்லணும் நீங்க. அண்ணனையும் வரச் சொல்றேன். இப்பவே போறோம். நடந்து."

"உன்னால அவ்வளவு தூரம்..."

"நடப்பேன்."

செருப்பைத் தேடப் போனவர், காலிப்பரைப் பார்த்து நின்றார். என்ன நினைத்தாரோ, முக்காலியை இழுத்துப் போட்டு, மடங்காத காலை முன்னால் நீட்டி உட்கார்ந்தார். எப்போதும் கணவர் உட்காரும் முக்காலி. "முதல்ல இதை முறுக்குங்க. நான் பாக்கறேன்" என்றார்.

பளிங்கு மண்டியிட்டார். முதல் போல்ட்டை முறுக்கினார். மனைவி கையை நீட்டி அதை அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. இரண்டாவது போல்ட்டில் ஸ்பேனரை வைத்தபோது வீட்டுக்குள் போன் அடித்தது. அவர் அறியாமல் தலை அந்தப் பக்கம் திரும்பியது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் குனிந்து, போல்ட் இனி இம்மியும் நகராது என்னும்வரைக்கும் முறுக்கினார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, "தொட்டுப் பாரு" என்றார்.